டீப்பாய் வாங்குவதற்கு முன் சோபாவை அளந்துகொள்ளுங்கள்

210 செ.மீ. நீளமுள்ள மூவர் சோபா, அதன் பக்கவாட்டில் ஒற்றை நாற்காலி, எதிர்ச் சுவரில் தொலைக்காட்சி, சோபாவின் முன்விளிம்பிலிருந்து தொலைக்காட்சி அலமாரி வரை 2 மீட்டர் இடைவெளி, வீட்டில் நடைபழகும் குழந்தையும் வயதான பெற்றோரும்: இப்படிப்பட்ட வரவேற்பறைக்கு எவ்வளவு பெரிய டீப்பாய் வாங்கலாம், வட்டமா செவ்வகமா, கண்ணாடியா மரமா கல்லா என்று கேட்டிருக்கிறீர்கள். விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏறத்தாழ 110 முதல் 120 செ.மீ. நீளமும் 60 செ.மீ. அகலமும் கொண்ட, நீள்வட்டமாகவோ முனைகள் நன்றாக வளைக்கப்பட்ட செவ்வகமாகவோ அமைந்த, உறுதியான நான்கு கால்களையுடைய மர டீப்பாய் உங்களுக்குப் பொருந்தும். உங்கள் அளவுகள் சற்று மாறினாலும் இந்த முடிவு மாறக்கூடும் என்பதால், அதற்கு எப்படி வந்தேன் என்பதையும் விரிவாக எழுதுகிறேன்.

டீப்பாயைத் தனிப்பொருளாக எண்ணித் தேர்ந்தெடுப்பதால்தான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன. அது சோபாவின் துணைப்பொருள். அதன் உயரத்தைச் சோபாவின் இருக்கையும், நீளத்தைச் சோபாவின் நீளமும், அகலத்தைச் சோபாவுக்கு எதிரே மிஞ்சியிருக்கும் இடமும் முடிவு செய்கின்றன. வாங்குபவரின் விருப்பத்துக்கு விடப்படுவது பொருளும் வடிவும் நிறமும் மட்டுமே. கடையில் உயர்ந்த கூரையின் கீழ், சுற்றிலும் வெற்றிடத்தோடு நிறுத்தி வைத்திருக்கும் மேசை எதுவாயினும் உண்மையைவிடச் சிறிதாகத் தெரியும். வீட்டுக்கு வந்தபின் அதே மேசை அறையை அடைத்துக்கொண்டு நிற்கும். ஆகவே கடைக்குச் செல்லும்போது கையில் நான்கு எண்கள் இருக்க வேண்டும்: சோபாவின் நீளம், இருக்கையின் உயரம், சோபாவுக்கும் எதிர்ப்பொருளுக்கும் உள்ள தொலைவு, வாயிற்கதவின் அகலம்.

முதலில் சோபாவுக்கும் டீப்பாய்க்கும் இடையே விட வேண்டிய இடைவெளியைப் பார்ப்போம். 35 முதல் 45 செ.மீ. வரை என்பது நெடுங்காலமாக உள்ளலங்காரத் துறையினர் கைக்கொள்ளும் அளவு, அதற்குக் காரணமும் உண்டு. 30 செ.மீ.க்குக் குறைந்தால் உட்காரவும் எழவும் கால்களைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டியிருக்கும், முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு அடிக்கடி விளிம்பில் இடிபடும். 50 செ.மீ.யைத் தாண்டினால் ஒரு கோப்பையை எடுப்பதற்குக்கூட முதுகைச் சாய்மானத்திலிருந்து பிரித்து, இருக்கையின் முனைக்கு நகர்ந்து குனிய நேரிடும். அப்படி நேர்ந்தால் சில வாரங்களில் எல்லோரும் கோப்பையைத் தரையிலோ சோபாவின் கைப்பிடியிலோ வைக்கத் தொடங்கிவிடுவார்கள். உங்கள் பெற்றோர் எழும்போது பாதங்களைப் பின்னுக்கு இழுத்து, உடலை முன்னே சாய்த்து எழுவார்கள் என்பதால், உங்கள் வீட்டில் 40 செ.மீ.க்குக் குறையாமல் வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது நடைபாதை. டீப்பாயின் மறுபக்கத்துக்கும் தொலைக்காட்சி அலமாரிக்கும் நடுவே ஆட்கள் நடமாடுவார்கள் என்றால் அங்கே 75 முதல் 90 செ.மீ. வரை வேண்டும், எப்போதாவது மட்டும் கடந்து செல்லும் இடமென்றால் 60 செ.மீ. போதும். அலமாரியின் இழுப்பறைகளையும் கதவுகளையும் முழுதாகத் திறந்து வைத்து அங்கிருந்து அளக்க வேண்டும் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். இனி உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 200 செ.மீ.யில் சோபாப் பக்கம் 40, நடைபாதைக்கு 90 என்று கழித்தால் எஞ்சுவது 70. அதுவே அகலத்தின் மேல்வரம்பு. 60 செ.மீ. அகல மேசை வாங்கினால் நடைபாதை 100 செ.மீ. ஆகிவிடும், குழந்தை ஓடியாடவும் இடமிருக்கும். இரண்டு தட்டுகளை எதிரெதிரே வைப்பதற்கு 60 செ.மீ. தாராளமாகப் போதும் என்பதால், மீதிப் பத்து செ.மீ.யைக் கேட்டுப் பெற வேண்டிய தேவை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

நீளத்துக்குச் சோபாவின் நீளத்தில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை என்பது பொதுவான கணக்கு. உங்களுக்கு அது 105 முதல் 140 செ.மீ. வரை ஆகிறது. இந்த விகிதத்தை வெறும் கண்ணழகுக்கானது என்று ஒதுக்கிவிட வேண்டாம். சோபாவின் இரு கோடிகளிலும் அமர்ந்திருப்பவர்களின் கை டீப்பாயை எட்ட வேண்டும் என்பதே அதன் உட்பொருள். அதே சமயம் டீப்பாய் சோபாவின் முழு நீளத்துக்கும் நீண்டால் உள்ளே நுழைந்து உட்கார வழியிருக்காது. சோபாவின் பக்கத்தில் சிறிய பக்கமேசை ஏற்கெனவே இருந்தால், அந்தக் கோடியில் அமர்பவருக்கு டீப்பாய் தேவைப்படாது என்பதால் நீளத்தைத் தயங்காமல் குறைத்துக்கொள்ளலாம். உங்கள் ஒற்றை நாற்காலி பக்கவாட்டில் இருப்பதால் அந்தப் பக்கத்திலும் 40 செ.மீ. இடைவெளி வேண்டும், 140 செ.மீ. மேசை வாங்கினால் அது நாற்காலியில் முட்டும் என்று ஊகிக்கிறேன், அதனால்தான் 120 என்று நிறுத்திக்கொண்டேன்.

இந்த எண்களை நம்பி நேரே பணம் கட்டிவிட வேண்டாம். பழைய செய்தித்தாள்களை ஒட்டி, நீங்கள் எண்ணியிருக்கும் மேசையின் அளவுக்கு வெட்டித் தரையில் விரித்து வையுங்கள். அதைவிடச் சிறந்த வழி, அட்டைப்பெட்டிகளை அடுக்கி அதே உயரத்துக்கு ஒரு போலி மேசையை எழுப்புவது. ஏனென்றால் தரையில் கிடக்கும் தாளை மனிதர்கள் மிதித்துக்கொண்டு போய்விடுவார்கள், பெட்டியைச் சுற்றித்தான் போக வேண்டியிருக்கும். இரண்டு மூன்று நாள்கள் அதை அப்படியே விட்டுவையுங்கள். இரவில் விளக்கைப் போடாமல் தண்ணீர் குடிக்க எழுந்து வருபவர் எந்த முனையில் இடித்துக்கொள்கிறார் என்பது அதற்குள் தெரிந்துவிடும். பணம் செலவில்லாத இந்தச் சோதனை, எந்த அளவு அட்டவணையைவிடவும் நம்பகமானது.

உயரத்தைப் பொறுத்தவரை, டீப்பாயின் மேற்பரப்பு சோபா இருக்கைக்குச் சமமாகவோ 2 முதல் 5 செ.மீ. வரை தாழ்ந்தோ இருக்க வேண்டும். சோபா இருக்கைகள் பெரும்பாலும் 40 முதல் 48 செ.மீ. உயரத்தில் அமைவதால், டீப்பாய்களும் 40 முதல் 46 செ.மீ. வரையில், அதாவது 16 முதல் 18 அங்குலத்தில் செய்யப்படுகின்றன. ஆனால் மெத்தை அமுங்கும். யாரும் உட்காராத சோபாவை அளந்துவிட்டு அதற்கேற்ற டீப்பாயை வாங்கினால், ஆள் உட்கார்ந்ததும் இருக்கை ஐந்து செ.மீ. இறங்கி, மேசை திடீரென உயரமாகத் தோன்றும். வீட்டில் ஒருவரை உட்காரவைத்து, அவர் தொடைக்குப் பக்கத்தில் மெத்தை எங்கே நிற்கிறது என்று அளப்பதே சரியான முறை. தாழ்வாக இருப்பதில் பெரிய கேடு இல்லை, அறை சற்று விசாலமாகக்கூடத் தெரியும். உயரமாக இருப்பதுதான் தொல்லை: கோப்பையை எடுக்க முழங்கையைத் தூக்க வேண்டும், எதிரே உள்ளவரின் மடியையும் தொலைக்காட்சியின் அடிப்பகுதியையும் மேசைமேல் உள்ள பொருள்கள் மறைக்கும். டீப்பாயிலேயே மடிக்கணினியை வைத்து வேலை செய்பவர்கள், அல்லது அன்றாடம் அதில்தான் சாப்பிடுகிறவர்கள் இந்தக் கணக்கிலிருந்து விலக வேண்டியிருக்கும். அவர்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வடிவம் குறித்து மக்கள் நிறைய யோசிக்கிறார்கள், உண்மையில் அது அவ்வளவு கடினமான முடிவன்று. நீண்ட சோபாவுக்கு எதிரே நீண்ட மேசை. ‘எல்’ வடிவச் சோபாவின் உள்மூலையில் சதுரமோ வட்டமோ பொருந்தும், ஏனென்றால் அங்கே இரண்டு பக்கத்திலிருந்தும் கை நீள்கிறது. எதிரெதிரே இரண்டு சோபாக்கள் இருந்தால் நடுவே பெரிய சதுரம் இயல்பாக அமையும். உங்கள் அறையில் வட்டத்தை ஏன் தவிர்க்கச் சொல்கிறேன் என்றால், 90 செ.மீ. விட்டமுள்ள வட்டமேசையைச் சோபாவின் நடுவில் வைத்தால் அது மையத்திலிருந்து இருபுறமும் 45 செ.மீ. மட்டுமே நீளும், கோடியில் உட்கார்ந்திருப்பவர் மையத்திலிருந்து ஏறத்தாழ 60 செ.மீ. தள்ளி இருக்கிறார், வட்டத்தின் விளிம்போ அவரைவிட்டு வளைந்து விலகிப் போகிறது. நடுவில் அமர்பவருக்கு மட்டும் பயன்படும் மேசை அது. விட்டத்தைக் கூட்டினால் நடைபாதை போய்விடும். நீள்வட்டம் இந்தச் சிக்கலை நன்றாகவே தீர்க்கிறது: நீளம் குறையாது, குழந்தையின் நெற்றிக்கு எதிரே கூர்முனையும் இராது.

குழந்தையைப் பற்றிச் சொல்லும்போது ஒரு விவரத்தைக் கவனியுங்கள். நடைபழகும் வயதுக் குழந்தை பெரும்பாலும் 75 முதல் 90 செ.மீ. உயரம் இருக்கும், தடுக்கி முன்னே சாயும்போது அதன் முகம் 40 செ.மீ. உயரத்தைக் கடந்துதான் தரைக்குப் போகிறது. எனவே மேசை எதனால் ஆனது என்பதைவிட அதன் விளிம்பு எப்படி முடிக்கப்பட்டிருக்கிறது என்பதே முதன்மையானது. முனைகள் மேலிருந்து பார்க்கையில் குறைந்தது 3 செ.மீ. ஆரத்துக்காவது வளைந்திருக்க வேண்டும், அத்துடன் விளிம்பின் மேல்கோடும் கீழ்க்கோடும் தனித்தனியே உருட்டி முடிக்கப்பட்டிருக்க வேண்டும். பல மேசைகளில் முனையை மட்டும் வளைத்துவிட்டு மேல்விளிம்பைக் கத்தி போல விட்டுவிடுகிறார்கள். உள்ளங்கையை அதன்மேல் அழுத்தி இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒட்டும் ரப்பர்க் காப்புகள் உதவும்தான், ஆனால் குழந்தைகள் அவற்றைப் பிய்த்து எடுத்து வாயில் போட்டுக்கொள்வதால் அவற்றையே நம்பியிருக்க முடியாது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு மட்டும் என்றால், மெத்தை தைத்த முக்காலியின்மேல் கெட்டியான தட்டை வைத்துப் பயன்படுத்துவது மிகவும் பாதுகாப்பான வழி. என்ன, சூடான பானத்தைத் தட்டுக்கு வெளியே வைக்கும் பழக்கம் உள்ள வீட்டில் அது நிலைக்காது.

இனிப் பொருளுக்கு வருவோம். திடமரத்தை நான் முன்வைப்பதற்குக் காரணம் அதன் கம்பீரம் அன்று, பழுது பார்க்க முடியும் என்பதுதான். கீறலும் கறையும் விழாத டீப்பாய் கிடையாது. மரத்தில் அவற்றைத் தேய்த்து எடுத்து மறுபடி மெருகிடலாம். கண்ணாடியில் ஆழமாக விழுந்த கீறலையும் ஒட்டுப்பலகையில் ஊறிய நீரையும் யாராலும் திருப்ப முடியாது. ஆனால் மரம் ஈரத்துக்கேற்ப விரிந்து சுருங்கும் என்பதை உணர்ந்து செய்யப்பட்ட மேசையாக அது இருக்க வேண்டும். நார் ஓடும் திசையில் மாற்றம் மிகச் சிறிது, குறுக்கே கணிசமானது. பச்சைமரம் முழுதும் உலரும்போது ஆண்டு வளையங்களின் போக்கில் தேக்கு ஏறத்தாழ 5 விழுக்காடும், வெள்ளை ஓக் அதைப்போல் இரு மடங்கும் சுருங்குகின்றன. நன்கு உலர்த்திய பின்பும் 60 செ.மீ. அகலப் பலகை ஈரமான பருவத்துக்கும் வறண்ட பருவத்துக்கும் இடையே சில மில்லிமீட்டர் அசையும். அதனால் மேற்பலகையைக் கீழ்ச்சட்டத்தோடு அசையாதபடி ஒட்டியோ, குறுகிய துளைகளில் இறுக்கித் திருகியோ இருந்தால் ஓரிரு ஆண்டுகளில் பலகை நீளவாக்கில் வெடிக்கும். மேசையைக் கவிழ்த்துப் பாருங்கள்: திருகுகள் நீள்துளைகளிலோ, நகர்ந்துகொடுக்கும் சிறு உலோகத் துண்டுகளிலோ மாட்டப்பட்டிருந்தால் செய்தவருக்குத் தொழில் தெரியும் என்று பொருள்.

எந்த மரம் என்பது இரண்டாம் கேள்வி. தேக்கு, ஓக், ஈட்டி ஆகிய மூன்றும் அன்றாட இடிபாடுகளைத் தாங்கும் கடினம் உடையவை. பைன் வகைகள் மென்மையானவை, சாவிக்கொத்தை எறிந்தாலே பள்ளம் விழும். சிலருக்கு அந்தப் பள்ளங்கள் பிடிக்கின்றன, அதில் எனக்கு ஆட்சேபமில்லை. மரத்தின் பெயரைவிட அது எவ்வளவு உலர்ந்தது என்பதையே விற்பவரிடம் கேளுங்கள். வீட்டுக்குள் வைக்கும் மரப்பொருளில் ஈரம் 8 முதல் 12 விழுக்காட்டுக்குள் இருப்பது நல்லது, நல்ல பட்டறைகளில் அதை அளக்கும் கருவியை வைத்திருப்பார்கள்.

‘மரம்’ என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி திடமரம் அன்று. எம்.டி.எஃப். எனப்படும் அழுத்திய மரத்தூள் நார்ப்பலகையின்மேல் அரை மில்லிமீட்டர் அளவுக்கே தடிமனுள்ள வெனீர் மரத்தாளையோ, ஒரு மில்லிமீட்டர் அளவிலான லேமினேட்டையோ ஒட்டியிருப்பார்கள். இதை ஏமாற்று என்று சொல்லமாட்டேன். இப்பலகை திடமரத்தைப் போல் விரிந்து வெடிக்காது, மேற்பரப்பு சமமாக இருக்கும், விலையும் குறைவு. நல்ல லேமினேட்டு சூட்டையும் கறையையும் மெருகிட்ட மரத்தைவிட நன்றாகவே தாங்கும். அதன் பலவீனம் விளிம்பிலும் அடிப்பகுதியிலும் உள்ளது. விளிம்புப் பட்டை பெயர்ந்த இடத்தில் தண்ணீர் புகுந்தால் பலகை உப்பும், உப்பியது மீண்டும் அமுங்காது. அடிப்பக்கம் மூடப்படாமல் பழுப்பாகத் தெரிந்தால் அது காற்றிலுள்ள ஈரத்தை ஒருபக்கமாக உறிஞ்சி வளையக்கூடும். கால்கள் எப்படி மாட்டப்பட்டுள்ளன என்பதையும் பாருங்கள். இத்தகைய பலகையில் நேரடியாக மரத்திருகை ஏற்றியிருந்தால் சில மாத ஆட்டத்திலேயே துளை தளர்ந்துவிடும், உலோக மரை பதித்து அதில் போல்ட்டு ஏற்றியிருந்தால் நெடுநாள் நிற்கும். வெனீர் மேசையைத் தேய்த்து மெருகிட எண்ணுபவர்கள் அந்த அரை மில்லிமீட்டரை நினைவில் கொள்ள வேண்டும்.

மெருகைப் பற்றிப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை, ஆனால் அன்றாடம் நாம் தொட்டுப் பழகுவது மரத்தை அன்று, மெருகைத்தான். பாலியூரித்தேன் பூச்சு தண்ணீரையும் சூட்டையும் நன்கு தடுக்கும். கீறினால் மட்டும் அந்த இடத்தைத் தனியே சரிசெய்வது கடினம், முழுப்பரப்பையும் தேய்க்க வேண்டிவரும். எண்ணெய்ப் பூச்சு இதற்கு நேர்மாறு: எளிதில் கறை பிடிக்கும், ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை மறுபடி பூச வேண்டும், ஆனால் எந்தக் கறையையும் வீட்டிலேயே தேய்த்து, ஒரு துணியால் எண்ணெய் தடவிச் சரிசெய்துவிடலாம். (ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் அது தானே சூடேறித் தீப்பற்றக்கூடும், விரித்துக் காயவைத்த பிறகே வெளியே போட வேண்டும்.) அரக்கு மெருகு பார்வைக்கு மிக அழகானது, ஆனால் சூடும் மதுவகைகளும் பட்டால் கெட்டுவிடும் என்பதால் டீப்பாய்க்கு ஏற்றதன்று. கோப்பை வைத்த இடத்தில் வெள்ளை வளையம் தோன்றினால் பதற வேண்டாம், பெரும்பாலும் மெருகுக்குள் சிக்கிய ஈரம்தான் அது, பல சமயங்களில் தானே மறையும். வளையம் கறுப்பாக இருந்தால் நீர் மெருகைக் கடந்து மரத்தையே தொட்டுவிட்டது என்று பொருள். அதை எடுக்கத் தேய்ப்பு வேலை தேவைப்படும்.

கண்ணாடி சிறிய அறைக்கு உண்மையிலேயே நன்மை செய்கிறது. தரையும் விரிப்பும் அதனூடாகத் தெரிவதால் அறை அடைபட்ட உணர்வு வராது. வாங்குவதாயின் டஃபன்டு கண்ணாடி மட்டுமே வாங்க வேண்டும். சாதாரணக் கண்ணாடியை 600 பாகை செல்சியசுக்கு மேல் சூடேற்றி, காற்றுப் பீச்சல்களால் சட்டென்று குளிரவைத்து இதைச் செய்கிறார்கள். புறப்பரப்பு இறுகியும் உட்பகுதி இழுபட்டும் நிற்பதால், அதே தடிமனுள்ள சாதாரணக் கண்ணாடியைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு வலுப்பெறுகிறது, உடைந்தாலும் நீண்ட கத்திமுனைகளாக உடையாமல் சிறு துண்டுகளாகச் சிதறுகிறது. பதப்படுத்திய பின் அதை வெட்டவோ துளையிடவோ இயலாது, ஆகையால் அளவை முன்பே முடிவு செய்ய வேண்டும். அதன் பலவீனமான இடம் விளிம்பு. நடுவில் விழும் அடியைத் தாங்கிக்கொள்ளும் கண்ணாடி, முனையில் உலோகம் பட்ட சிறு அடியில் முழுதும் நொறுங்கலாம். உங்கள் அளவுக்கு 10 அல்லது 12 மி.மீ. தடிமன் வேண்டும், 120க்கு 60 அளவில் 12 மி.மீ. கண்ணாடி மட்டுமே 21 கிலோவுக்கு மேல் எடையிருக்கும் என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள். ஒரு நல்ல எடுத்துக்காட்டு, ஜப்பானிய அமெரிக்கச் சிற்பி இசாமு நொகுச்சி வடிவமைத்து 1947-இல் ஹெர்மன் மில்லர் என்னும் அமெரிக்க அறைகலன் நிறுவனம் வெளியிட்ட மேசை: ஒரே வடிவில் செதுக்கிய இரண்டு மரத்துண்டுகளில் ஒன்றைத் தலைகீழாகத் திருப்பிப் பிணைத்து, அவற்றின்மேல் முனை மழுங்கிய முக்கோணக் கண்ணாடியைத் தன் எடையாலேயே நிற்கும்படி வைத்திருப்பார்கள். அந்தக் கண்ணாடி 19 மி.மீ. தடிமனுடையது என்பதால்தான் அந்த அமைப்பு அசையாமல் நிற்கிறது. அதன் பிரதிகளை வாங்குவோர் முதலில் அளந்து பார்க்க வேண்டியது இதையே. உங்கள் வீட்டுக்குக் கண்ணாடியை நான் பரிந்துரைக்காததற்குக் காரணம், அது உடைந்துவிடுமோ என்ற அச்சம் மட்டுமன்று. கண்மங்கிய பெரியவர்களுக்கும் ஓடும் குழந்தைக்கும் கண்ணாடி விளிம்பு எங்கே முடிகிறது என்பது சரியாகத் தெரியாது. அதோடு விரல் தடங்களைத் துடைக்கும் வேலை ஒவ்வொரு நாளும் இருக்கும்.

பளிங்கு மேசை பார்க்க அழகாக இருக்கும், பழகுவதற்குச் சிரமம் தரும். அது கால்சியம் கார்பனேட்டு; எலுமிச்சைச் சாறோ வினிகரோ பழரசமோ சிந்தினால் துடைப்பதற்குள் பளபளப்பு போய் மங்கிய தடம் விழும். இது கறை அன்று, கல்லின் மேற்பரப்பே கரைந்துபோன இடம், எனவே சோப்பால் போகாது. மெருகூட்டும் எந்திரத்தால் தேய்த்தால்தான் போகும். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை மதிப்பிடும் மோஸ் அளவுகோலில் பளிங்குக்கு 3 மட்டுமே, கிரானைட்டுக்கு 6 முதல் 7 வரை. 120க்கு 60 செ.மீ. அளவில் 2 செ.மீ. தடிமனுள்ள பளிங்குப் பலகை ஏறத்தாழ 39 கிலோ எடையிருக்கும். கூட்டிப் பெருக்க அதை நகர்த்த இரண்டு பேர் வேண்டும். கல்தான் வேண்டும் என்றால் கிரானைட்டோ, உயர்வெப்பத்தில் சுட்டு அழுத்திச் செய்யும் செயற்கைப் பலகையோ நலம். மரத்துண்டுகளுக்கு நடுவே நீலப் பிசினை ஆறு போல ஊற்றிச் செய்யும் மேசைகள் இப்போது பரவலாகக் கிடைக்கின்றன. வெயில் படும் இடத்தில் பிசின் மஞ்சளாகும், சூடான பாத்திரம் தடம் பதிக்கும், ரசனையைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. உலோகக் கால்கள் நல்லவையே, ஈரத்துணியால் தரை துடைக்கும் வீட்டில் காலின் அடியில் பூச்சு உரிந்து துருப்பிடிக்கிறதா என்பதை மட்டும் கவனித்தால் போதும்.

உங்கள் பெற்றோரை முன்னிட்டு ஒரு சோதனையைக் கட்டாயம் செய்ய வேண்டும். சோபாவிலிருந்து எழும் பெரியவர்கள் டீப்பாயின் விளிம்பில் கையை ஊன்றுவார்கள். ஊன்றக்கூடாது என்று சொல்லிப் பயனில்லை, கை தானாகப் போகும். எனவே கடையிலேயே மேசையின் ஒரு முனையில் உள்ளங்கையை வைத்து உங்கள் எடையின் பெரும்பகுதியைச் செலுத்திப் பாருங்கள். எதிர்முனை சிறிதளவு எழும்பினாலும் அந்த மேசை வேண்டாம். நடுவில் ஒற்றைத் தண்டு உள்ளவை, கால்கள் உள்ளே வெகுதூரம் தள்ளி அமைந்தவை, மேற்பலகை கனமாகவும் கால்கள் மெலிந்தும் உள்ளவை ஆகியவை இங்கே தோற்கும். கால்கள் நான்கு முனைகளுக்கும் அருகில் இருப்பவை தேறும். சக்கரம் வைத்தவற்றைப் பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம், பூட்டு இருந்தாலும் அதைப் பூட்ட யாருக்கும் நினைவிருக்காது.

சேமிப்பு வசதியுள்ளவை பற்றி: கீழே திறந்த தட்டு ஒன்று இருப்பது நல்லது, நாளிதழும் ரிமோட்டும் அங்கே போய்விடும், மேற்பரப்பு காலியாகும். இழுப்பறை உள்ளதை வாங்குமுன் அது எந்தப் பக்கம் திறக்கிறது என்று பாருங்கள். சோபாப் பக்கம் திறப்பதாயின், 40 செ.மீ. இடைவெளியில் ஆள் உட்கார்ந்திருக்கும்போது முழங்கால் தடுத்து அது பாதிதான் திறக்கும். குறும்பக்கத்தில் திறக்கும் இழுப்பறைகள் பயன்படும். மேற்பலகை உயர்ந்து முன்னே வரும் தூக்கு டீப்பாய்கள், மேலே சொன்ன மடிக்கணினிக்காரர்களுக்கும் சோபாவிலேயே சாப்பிடுபவர்களுக்கும் உரியவை. பலகை 60 செ.மீ. அளவுக்கு உயர்வதால் முதுகு வளையாமல் வேலை செய்யலாம். ஆனால் அதன் மடிப்புக் கரங்களுக்கு நடுவே சிறு விரல்கள் சிக்கும், உயர்ந்த நிலையில் அதன் முன்விளிம்பில் ஊன்றினால் மேசையே முன்னே சாயக்கூடும். குழந்தையும் பெரியவர்களும் உள்ள உங்கள் வீட்டுக்கு அது ஒத்துவராது. ஒன்றுக்குள் ஒன்று நுழையும் மேசைகள் நெருக்கமான அறைகளுக்கு நல்ல தீர்வு, வேண்டும்போது வெளியே இழுத்துக்கொள்ளலாம்.

நிறத்தைப் பற்றி ஒரு சொல். தரையும் மரமாக இருந்தால் அதே நிற டீப்பாய் தரைக்குள் மறைந்துபோகும், ஒரு படி கருமையாகவோ வெளிறியதாகவோ எடுக்கலாம். சோபா தரைவரை இறங்கிய கனத்த உருவமாக இருந்தால் கால்கள் தெரியும் மேசையும், சோபாவே மெல்லிய கால்களில் நின்றால் சற்றுக் கனத்த மேசையும் கண்ணுக்கு இதமாக இருக்கும்.

விரிப்பு போடுவதாக இருந்தால் டீப்பாயின் நான்கு கால்களும் அதன்மேல் இருக்க வேண்டும், அதற்கு அப்பாலும் விரிப்பு எல்லாப் பக்கமும் 20 செ.மீ.க்குக் குறையாமல் நீள வேண்டும். இரண்டு கால் மேலும் இரண்டு கால் கீழுமாக நிற்கும் மேசை ஆடிக்கொண்டே இருக்கும். ஓட்டுத் தரையெனில் கால்களுக்குக் கம்பளித் துண்டுகளை ஒட்டுங்கள். தானியங்கித் துப்புரவுக் கருவி வைத்திருப்பவர்கள் கீழ்த்தட்டுக்கும் தரைக்கும் இடையே 10 செ.மீ.க்கு மேல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

மேசை வீட்டுக்கு வந்ததும், வந்தவர்களை அனுப்புவதற்கு முன் அதை இடத்தில் வைத்து, நான்கு முனைகளையும் மாறிமாறி அழுத்தி ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடினால் தரை காரணமா கால் காரணமா என்பதை மேசையை வேறு இரண்டு மூன்று இடங்களுக்கு நகர்த்திப் பார்த்தால் அறியலாம், எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஆடினால் கால்தான் காரணம், மாற்றித் தரச் சொல்லுங்கள். போல்ட்டுகளை இறுக்கும் சாவியை எறிந்துவிடாமல் வைத்திருங்கள். மரப்பொருளில் மாட்டிய போல்ட்டுகள் முதல் ஒன்றிரண்டு மாதங்களில் சற்றுத் தளரும், அப்போது ஒருமுறை இறுக்கிவிட்டால் அதன்பின் ஆண்டுக்கு ஒரு முறை பார்த்தால் போதும்.